1912 சிகாகோ மாநாடு: பிரைமரிகளை வென்ற ரூஸ்வெல்ட் வேட்பாளர் ஆகாதது எப்படி?

வாக்குச்சீட்டு:
1912-ல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒன்பது மாநிலங்களில் குடியரசுக் கட்சிப் பிரைமரிகளை (கட்சி வாக்காளர்கள் நேரடியாக வாக்களிக்கும் முதற்கட்டத் தேர்தல்களை) வென்றார். அப்போதைய அதிபர் டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹையோவும் அதில் அடக்கம். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டுக்குப் பிரைமரி வழியாக வந்த பிரதிநிதிகள் ரூஸ்வெல்ட்டுக்கு 278, டாஃப்டுக்கு 48, செனட்டர் லா ஃபாலெட்டுக்கு 36 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியிருந்தும் முதல் சுற்றிலேயே 561 வாக்குகளுடன் டாஃப்ட் வேட்பாளராகிவிட்டார். எந்தக் கட்டத்தில், எந்த விதியால் இது சாத்தியமானது? தகராறுக்குள்ளான இடங்களை நியாயமாகப் பிரித்திருந்தால் ரூஸ்வெல்ட் வென்றிருப்பாரா?

பழைய ஆவணம்:
மொத்தப் பிரதிநிதிகள் 1,078, தேவை 540. நீங்கள் சொன்ன மூன்று எண்களையும் கூட்டினால் 362, அதாவது மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்களை மாநில, மாவட்ட (காங்கிரஸ் தொகுதி) அளவிலான கட்சி மாநாடுகள் அனுப்பின. அங்கே செல்லுபடியானது கட்சி அமைப்பின் பிடி.

அடுத்து, ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதிபர் தேர்தலில் அதற்குள்ள தேர்வாளர் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு பிரதிநிதிகள். கட்சிக்கு அங்கே எத்தனை வாக்கு விழுந்தது என்பது கணக்கிலேயே இல்லை. 1908 தேர்தலில் தென் கரோலினாவில் டாஃப்ட் பெற்றது 4,000-க்கும் குறைவான வாக்குகள், வெர்மான்டில் ஏறக்குறைய 40,000. ஆனால் மாநாட்டில் தென் கரோலினாவுக்கு 18 இடம், வெர்மான்டுக்கு 8! தெற்கில் கட்சி என்று இருந்ததே பெரும்பாலும் அஞ்சல் அதிபர், சுங்க அதிகாரி போன்ற மத்திய அரசு நியமனக்காரர்களின் வட்டம்தான். நியமனம் வெள்ளை மாளிகையின் கையில் இருந்ததால் பிரதிநிதிகளும் பதவியில் இருப்பவர் பக்கம். 1908-ல் டாஃப்டை வேட்பாளராக்க ரூஸ்வெல்ட் பயன்படுத்தியதும் இதே தெற்குப் பிரதிநிதிகளைத்தான். இதை மறைத்துவிட்டு 1912-ஐ மட்டும் பேசுவது சரியல்ல.

சான்றாய்வு:
எந்தக் கட்டம் என்று கேட்டீர்கள். எல்லாம் முடிவானது மாநாடு தொடங்கும் முன்பே, யார் யார் பிரதிநிதிகள் என்ற தற்காலிகப் பட்டியலில்.

ஒரே இடத்துக்கு இரு தரப்பும் உரிமை கோரினால் முதலில் விசாரிப்பது கட்சியின் தேசியக் குழு. அன்று இருந்த குழு 1908-ல் அமைந்தது. ஆகவே 1912 பிரைமரியில் ஒரு மாநிலம் ரூஸ்வெல்ட் பக்கம் போயிருந்தாலும் அதன் குழு உறுப்பினர் பழைய ஆளாகவே இருக்கலாம். 254 தகராறுகளில் 235 இடங்களை டாஃப்டுக்கும் 19 இடங்களை ரூஸ்வெல்ட்டுக்கும் குழு கொடுத்தது.

இப்படி அமைந்த பட்டியலை வைத்துத்தான் ஜூன் 18 அன்று தற்காலிகத் தலைவர் தேர்வு நடந்தது. டாஃப்ட் தரப்பின் எலிஹு ரூட் 558, ரூஸ்வெல்ட் தரப்பு ஆதரித்த விஸ்கான்சின் ஆளுநர் மெக்கவர்ன் 501. அந்தத் தகராறுகளில் ரூஸ்வெல்ட் தரப்பு கடைசிவரை எதிர்த்த 72 பேரை வாக்களிக்க விடக்கூடாது என்று மிசூரி ஆளுநர் ஹாட்லி வாதாடினார். ரூட் தந்த தீர்ப்பு: ஒருவர் தன் இடத்தைப் பற்றி மட்டும் வாக்களிக்க முடியாது, பிறர் இடங்களைப் பற்றி வாக்களிக்கலாம். இதனால் தகராறில் இருந்தவர்கள் ஒருவர் இடத்தை மற்றவர் காப்பாற்றிக்கொண்டார்கள்.

மிக அப்பட்டமானது கலிஃபோர்னியா. மாநிலச் சட்டப்படி மாநிலம் முழுவதற்குமான ஒரே பிரைமரி, 26 இடமும் ரூஸ்வெல்ட்டுக்கு. தேசியக் குழு மாநாட்டைக் கூட்ட வெளியிட்ட அழைப்பாணையோ மாவட்டவாரித் தேர்வு என்றது. அதைக் காட்டி சான் பிரான்சிஸ்கோ மாவட்டத்தின் 2 இடங்களை டாஃப்டுக்குக் கொடுத்தார்கள். மாநாட்டு அரங்கில் அது தேறியது 542–529 என்ற கணக்கில்தான். மக்கள் நேரடியாக வாக்களித்த இடத்தைப் பறித்த இந்த முடிவை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

எண்கணக்கு:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 254 தகராறுகளில் பெரும்பகுதி பலவீனமானவை. தொடக்கத்தில் டாஃப்டின் முன்னிலையைக் குறைத்துக் காட்டவே தெற்கில் ரூஸ்வெல்ட் ஆட்கள் அவற்றைக் கிளப்பினார்கள். குழுவில் இருந்த ரூஸ்வெல்ட் ஆதரவாளர்களே பலவற்றில் டாஃப்ட் பக்கம் வாக்களித்தார்கள்.

இறுதி வாக்கெடுப்பு: டாஃப்ட் 561, ரூஸ்வெல்ட் 107, லா ஃபாலெட் 41, செனட்டர் கம்மின்ஸ் 17, ஹியூஸ் 2, அரங்கில் இருந்தும் வாக்களிக்காதவர் 344. அந்த 344-ஐ முழுதாக ரூஸ்வெல்ட் கணக்கில் சேர்த்தாலும் 451. உதாரணத்துக்கு, டாஃப்டின் முப்பது இடங்களை ரூஸ்வெல்ட்டுக்கு மாற்றிப் போட்டால் டாஃப்ட் 531-க்கு இறங்கி வேட்பாளர் ஆக முடியாது. ஆனால் ரூஸ்வெல்ட்டும் 481-தான். எதிர்க்கப்பட்ட 72-ம் கைமாறினால் 523; லா ஃபாலெட் அல்லது கம்மின்ஸ் ஆட்கள் வந்தால்தான் 540-ஐ எட்டலாம். லா ஃபாலெட் தரப்போ மெக்கவர்னுக்கே தங்கள் ஒப்புதல் இல்லை என்று மேடையில் அறிவித்த தரப்பு. ஆக நியாயமான பங்கீடு நடந்திருந்தால் டாஃப்டின் முதல் சுற்று வெற்றி போயிருக்கும், ரூஸ்வெல்ட்டின் வெற்றி உறுதியாகியிருக்காது. ஹாட்லி போன்ற மூன்றாமவருக்கு வழி திறந்திருக்கலாம். அந்த சமரசப் பேச்சும் நடந்தது. முதலில் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள் என்று ரூஸ்வெல்ட் உறுதியாக நின்றதால் அது கூடிவரவில்லை.

வாக்குச்சீட்டு:
தெளிவாகிவிட்டது, நன்றி. பிரதிநிதிப் பங்கீட்டு விதியைப் பிறகாவது மாற்றினார்களா?

பழைய ஆவணம்:
மாற்றினார்கள், தோற்ற பிறகு. நவம்பர் அதிபர் தேர்தலில் தேர்வாளர் வாக்குகள்: ஜனநாயகக் கட்சியின் வில்சன் 435, தனிக் கட்சியில் நின்ற ரூஸ்வெல்ட் 88, டாஃப்ட் 8 (யூட்டாவும் வெர்மான்டும் மட்டும்). 1916 மாநாட்டுக்கு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பிரதிநிதி, கட்சி அங்கே 7,500 வாக்குகள் பெற்றிருந்தால்தான் இரண்டாமவர் என்று விதி வந்தது. தெற்கின் பங்கு அதில்தான் குறைந்தது.