மஞ்சள் துணியில் முடிந்த காசு பூஞ்சை பிடிக்கிறது, என்ன செய்யலாம்?

கொருக்குப்பேட்டை வாசி:
திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு நேர்ந்து ஒரு ரூபாய் முடிந்து வைத்து பத்து நாள்தான் ஆகிறது. துணியில் கறுப்புப் புள்ளி, ஒரு வாடை. மஞ்சளும் அங்கங்கே சிவந்திருக்கிறது. அபசகுனம் என்கிறார்கள். துணியை மாற்றலாமா? பழைய நாலணா வைத்தால் விசேஷமா? ஒரு காசைக் கட்டி வைப்பதில் அப்படி என்னதான் இருக்கிறது?

தண்டையார்பேட்டை அக்கா:
அபசகுனமெல்லாம் இல்லைம்மா, தாராளமா மாத்தலாம். ஈரம் காயறதுக்குள்ள முடிஞ்சிருக்கீங்க. புதுத்துணியில கஞ்சி இருக்கும், நம்ம பக்கம் கடல்காத்து வேற. பூஞ்சைக்கு அது போதும். சிவந்தது சோப்பால. சோப்புல காரத்தன்மை இருக்கு, அது மஞ்சளோட சேர்ந்தா சிவக்கும். ஆரத்தித் தண்ணியில சுண்ணாம்பு கலக்கறோமே, அதே சங்கதிதான்.

ஒரு சாண் சதுரத்துக்கு வெள்ளைப் பருத்தித்துணி எடுங்க. பாலியஸ்டர் கலந்ததுல மஞ்சள் சரியா ஒட்டாது. வெந்நீர்ல கஞ்சி போக அலசுங்க, சோப்பு வேணாம். அரை டம்ளர் தண்ணியில ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள் கரைச்சு, நனைச்சுப் பிழிஞ்சு நிழல்ல உலர்த்துங்க, வெயில்ல போட்டா வெளுத்துடும். தொட்டா மொடமொடன்னு இருக்கணும், அதுக்கப்புறம்தான் காசு. நடுவுல வச்சு எதிரெதிர் முனை ரெண்டை முதல்ல முடிங்க, அதுக்கு மேல மத்த ரெண்டு முனை. குங்குமம் முடிச்சுக்கு வெளியில வைங்க, காசு மேல வேணாம்.

நிறையப் பேர் கவனிக்காதது ஒண்ணு இருக்கு: முடிச்சு மேலயே தினம் ஈரப்பூ வைப்பாங்க. பூவைப் படத்துக்கு வைங்க. முடிச்சு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள போகக்கூடாது, ஆணியில தொங்கட்டும்.

ராயபுரம் நாணயப்பிரியன்:
நாலணா வேண்டாம். 2011 ஜூன் 30-லேர்ந்து அது செல்லாது. சாமிக்குக் கொடுக்கறது நாம செலவு பண்ணக்கூடிய காசா இருக்கணும், செல்லாததைத் தள்ளிவிட்டதா ஆகக்கூடாது. எட்டணா இன்னமும் செல்லும், தாராளமா வைக்கலாம்.

இன்னைக்குப் புழங்கற ஒரு ரூபாய் எவர்சில்வர். புளி போட்டுத் தேய்க்கவே வேண்டாம், கழுவித் துடைச்சா போதும். மஞ்சள் நிற ஐந்து ரூபாய்ல செம்பு கலந்திருக்கு. ஈரத்துணியில கிடந்தா கறுக்கும், பச்சை பூக்கும். கயித்துல கோக்கறதுக்காகக் காசுல ஓட்டை போடாதீங்க, நாணயத்தைச் சிதைக்கறது 2011 நாணயச் சட்டப்படி குற்றம்.

எல்லையம்மன் தெரு:
கடைசிக் கேள்விக்கு வர்றேன். பட்டினத்தார் சமாதி உங்க திருவொற்றியூர்லதானே இருக்கு? பொன்னும் பொருளுமா குவிச்சிருந்த வணிகர் அவர். அவரைத் துறவியாக்கினது ஒரு காதற்ற ஊசின்னு சொல்லுவாங்க. காது இல்லாததால அந்த ஊசி தைக்க உதவலை, அதனாலதான் யோசிக்க வச்சுது. முடிஞ்ச காசும் அப்படித்தான். இது செலவுக்கு இல்லைன்னு எடுத்து வச்ச நிமிஷமே அது காணிக்கை. ஒரு ரூபாய் உங்க வேண்டுதலோட விலை கிடையாது, நீங்க கொடுத்த வாக்குக்கு அடையாளம்.

அதனால முடியும்போது வாய்விட்டுச் சொல்லுங்க: யாருக்காக, எந்தச் சாமிக்கு, எப்போ கொண்டு சேர்ப்பேன்னு. அதையே ஒரு துண்டுச்சீட்டுல பென்சிலால எழுதி உள்ள வைங்க. பேனா மை ஈரத்துல கலைஞ்சுடும். பல வீட்டுல நாலு முடிச்சு தொங்கும், எது பெரியபாளையத்துக்கு, எது திருப்பதிக்குன்னு யாருக்கும் தெரியாது. காசு கெட்டாலும் மாத்திக்கலாம், வாக்கு மறந்துபோனாத்தான் முடிச்சு வெறும் பொட்டலம்.

வேண்டுதல் பலிக்கலைன்னாலும் கொண்டு போய்ச் சேர்த்துடறதுதான் சரின்னு நான் உறுதியா நினைக்கிறேன். கலிய நாயனாரும் இந்த ஒற்றியூர்க்காரர்தான். செல்வமெல்லாம் கரைஞ்ச பிறகும் கூலிக்குச் செக்காட்டி, அந்தக் காசுல எண்ணெய் வாங்கிக் கோயில்ல விளக்கெரிச்சார்.

கொருக்குப்பேட்டை வாசி:
ரொம்ப நன்றிங்க. பூஞ்சை பிடிச்ச துணியை என்ன செய்யறது? கடல்ல விட்டுடலாமா?

தண்டையார்பேட்டை அக்கா:
கடல்ல வேணாம்மா, அலை திரும்பக் கரையிலயே ஒதுக்கிடும். பருத்தின்னா செடி மண்ணுல ஒரு சாண் ஆழத்துல புதைச்சுடுங்க, மக்கிப்போயிடும். காசை மட்டும் கழுவித் துடைச்சு, அதையே புதுத்துணியில முடிங்க. நேர்ந்தது அந்தக் காசுதானே.