கழிவுநீர்ல வளர்த்த பாசியில எண்ணெய் ஏன் இவ்ளோ கம்மியா வருது?

பச்சைத்துளி:
வணக்கம் நண்பர்களே, இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு வீட்டுக் கழிவுநீர்ல குளோரெல்லாங்கற ஒரு செல் பச்சைப் பாசியை வளர்த்துட்டு இருக்கேன். தண்ணி நல்லாவே தெளியுது, அமோனியா அஞ்சு நாள்ல பாதிக்கும் கீழ போயிடுது, பாசியும் கரும்பச்சையா செழிப்பா இருக்கு, ஆனா காயவெச்சு ஹெக்சேன்ங்கற கரைப்பான்ல எண்ணெய் எடுத்தா அடியில ஒரு மெல்லிய படலம்தான் மிஞ்சுது. கட்டுரைகள்ல உலர் எடையில பாதி வரைக்கும் எண்ணெய்னு போட்டிருக்காங்களே, நான் எங்க தப்பு பண்றேன்? வடிகட்டுறதும் பெரும்பாடா இருக்கு, ஃபில்டர் பேப்பர் உடனே அடைச்சுக்குது.

குளக்கரை:
தம்பி, நீங்க தப்பு ஒண்ணும் பண்ணல. நைட்ரஜன் நிறைய கிடைச்சா பாசி அதை வெச்சு புரதம் கட்டி வேகமா பெருகும், நைட்ரஜன் இல்லாம பட்டினி கிடந்தாத்தான் எண்ணெயா சேர்த்து வைக்கும். கழிவுநீர்ங்கறது அதுக்கு விருந்து சாப்பாடு, அங்க போய் எண்ணெய் எங்கன்னு தேடுறோம். சரி பட்டினி போடலாம்னா வளர்ச்சியே நின்னுடும். அமெரிக்க எரிசக்தித் துறை 1978லேர்ந்து 1996 வரைக்கும் நடத்துன பாசி ஆராய்ச்சித் திட்டத்துலயும் இதேதான், ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் எண்ணெய் கூடுச்சு ஆனா மொத்தமா கிடைக்கிற எண்ணெய் கூடல. அது போக குளோரெல்லாவோட செல் சுவர் ரொம்ப கெட்டி, அதை உடைக்காம ஹெக்சேன் ஊத்துனா உள்ள இருக்கறதும் முழுசா வராது.

என்னைக் கேட்டா தண்ணி சுத்தமாகறதுதான் இங்க முதல் விளைச்சல், எரிபொருள் அதுக்கு அப்புறம்தான். வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்துல பாக்டீரியாவுக்குக் காத்து ஊதுறதுக்கே மொத்த கரண்ட்ல பாதி கிட்ட போயிடும். பாசி இருந்தா பகல்ல அது விடுற ஆக்சிஜனை பாக்டீரியா எடுத்துக்கும், பாக்டீரியா விடுற கார்பன் டை ஆக்சைடை பாசி எடுத்துக்கும். 1950கள்லயே கலிஃபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்து வில்லியம் ஆஸ்வால்ட் இதை வெச்சு குளம் அமைச்சுக் காட்டுனார், இந்த மாதிரிக் குளம் சுமார் ஒரு அடி ஆழம்தான், இப்பல்லாம் துடுப்புச் சக்கரம் மெதுவா தண்ணியை ஓட்டிக்கிட்டே இருக்கும்.

நுண்ணோக்கி:
வடிகட்டுற விஷயத்துக்கு நான் சொல்றேன். ஒரு லிட்டர் குளத்துத் தண்ணியில பாசி அரை கிராம் தேறுனாலே பெருசு, ஒவ்வொரு செல்லும் சில மைக்ரான்தான், எல்லாத்துக்கும் எதிர்மின்னூட்டம் வேற இருக்கறதால ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம மிதந்துட்டே கிடக்கும். படிகாரம் போட்டா படியும், ஆனா அலுமினியமும் கூடவே கசடுல சேர்ந்துடும். தனிக் குளோரெல்லாவை விட்டுட்டு பாக்டீரியாவோட கலந்து வளருங்க, தினமும் அடியில படியறதை மட்டும் தொட்டிக்குத் திருப்பி விடுங்க. நான் இப்படி சில வாரம் பண்ணுனதுல அளவு ஜாடியில ஊத்துன அரை மணி நேரத்துல பழுப்பும் பச்சையுமா பஞ்சு மாதிரி கீழ இறங்கி மேல தண்ணி தெளிஞ்சு நின்னுச்சு, அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

ரோட்டிஃபர்ங்கற பாசி தின்னுற நுண்ணுயிர் மேல ஒரு கண்ணு வைங்க, அது பெருகுச்சுன்னா ரெண்டு மூணு நாள்ல பாசியை மேஞ்சு தீர்த்துடும்.

குளக்கரை:
அறுவடை பண்ணதைக் காயவைக்காதீங்க, அதுக்கே எரிபொருள் செலவாகும். ஈரமாவே காத்தில்லாத தொட்டியில செரிக்க விட்டா மீத்தேன் வரும். ஸ்பெயின்ல சிக்லானாங்கற ஊர்ல கழிவுநீர்ப் பாசியிலேர்ந்து எடுத்த வாயுவுல காரே ஓட்டிக் காட்டுனாங்க. இன்னொரு வழி, 300லேர்ந்து 350 டிகிரி சூட்டுல கடும் அழுத்தத்துல வேகவெச்சு கச்சா எண்ணெய் மாதிரி எடுக்கறது, அதுல புரதமும் சேர்ந்து எண்ணெயா மாறும், ஆனா நைட்ரஜனும் கூடவே வந்துடறதால சுத்திகரிச்சாத்தான் ஆகும்.

பச்சைத்துளி:
ரொம்ப நன்றி அண்ணா. இன்னொரு சந்தேகம், மத்தியானம் பிஎச் 9.8 வரைக்கும் ஏறுது, இது பரவாயில்லையா?

நுண்ணோக்கி:
அதை முதல்லயே சொல்லியிருக்கணும் தம்பி. பாசி கார்பனை இழுக்க இழுக்க பிஎச் ஏறும், 9.25 தாண்டுனா சாதாரண வெப்பநிலையில அமோனியாவுல பாதிக்கு மேல வாயு வடிவத்துக்கு மாறிடும். நீங்க குறைஞ்சிடுச்சுன்னு சொன்ன அமோனியாவுல ஒரு பங்கை பாசி சாப்பிடவே இல்ல, காத்துல போயிருக்கும். கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் குமிழி விட்டு பிஎச்சை 8 கிட்ட நிறுத்துங்க, அறுவடை பண்ண பாசியில நைட்ரஜன் எவ்ளோ இருக்குன்னு அளந்து தண்ணியில குறைஞ்ச அளவோட ஒப்பிட்டுப் பாருங்க.

பச்சைத்துளி:
இதை யோசிக்கவே இல்ல. நாளைக்கே ரெண்டு தொட்டி வெக்கிறேன், ஒண்ணுல குமிழி விட்டு ஒண்ணுல விடாம. கணக்கு வந்ததும் இங்கயே போடறேன்.