வேர்ட்பிரஸ் மெனுவில் தமிழ் எழுத்துரு வர என்ன செய்வது?

வணக்கம். மொரிஷியஸில் எங்கள் ஊர்க் கோயிலுக்கு வேர்ட்பிரஸில் இணையதளம் அமைக்கிறேன். தைப்பூசக் காவடிக்கு முன்னால் ஏற்றிவிட வேண்டும். பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் பாலிலாங் என்ற பன்மொழிச் செருகுநிரல் போட்டாயிற்று, அது சரியாக ஓடுகிறது.

சிக்கல் எழுத்துருவில்தான். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமோடு வந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லை. அதனால் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி தெரிகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை எங்கள் சர்வரிலேயே ஏற்றி, நம் மாற்றங்களைத் தனியாக வைக்கும் சைல்டு தீமின் சிஎஸ்எஸ்ஸில் (தோற்ற விதிகளில்) சேர்த்தேன். (மூலத் தீமில் கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் எல்லாம் போய்விடும்.) பதிவுகளில் வருகிறது, மெனுவில் மட்டும் வரவில்லை. மெனுவுக்குத் தீம் தனி விதி வைத்திருக்கிறது போல.

பக்கங்களை இழுத்துப் போட்டு அமைக்கும் பேஜ் பில்டர் வாங்கச் சொல்கிறார் தம்பி ஒருவர். ஓர் எழுத்துருவுக்கு அவ்வளவு பாரமா? எனக்கு மனமில்லை.

பிரெஞ்சுப் பக்கங்களைத் தொடாமல், தமிழ் மெனுவை மட்டும் மாற்ற எப்படி எழுதுவது? செய்து பார்த்தவர்கள் அந்த சிஎஸ்எஸ் வரியைக் கீழே போடுங்களேன்.