பேத்தி பாதிச் சுவரில் உறைந்துபோனாள், மறுபடி கூட்டிப் போகலாமா?

கேள்வி – மாடிப்படி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 66 வயது, பேத்திக்கு 8. பாரீஸ் ஒலிம்பிக் கிளைம்பிங் வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து தானும் சுவர் ஏற வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், போன வாரம் ஒரு உள்ளரங்க கிளைம்பிங் ஜிம்முக்குக் கூட்டிப் போனேன். வாசல் வரைக்கும் குதித்துக்கொண்டு வந்தவள், உள்ளே நுழைந்து சுவரை அண்ணாந்து பார்த்ததும் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். பரவாயில்லை, முயற்சி பண்ணிப் பார் என்று சொல்லி ஹார்னஸ் என்ற பாதுகாப்பு வார்களை இடுப்பில் மாட்டி, கீழே ஆள் இல்லாமல் மேலிருந்து வரும் பட்டையால் தானே தாங்கி இறக்குகிற ஆட்டோ பிலே என்ற கருவியில் இணைத்து ஏறச் சொன்னோம்.

சுவரில் பதித்திருக்கும் வண்ணப் பிடிகளைப் பற்றி, என் தலைக்குக் கொஞ்சம் மேலே போனதும் நின்றுவிட்டாள். இடது கால் கடகடவென்று ஆடுகிறது, விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போயிருக்கிறது. "கையை விடு, அதுவே இறக்கிவிடும்" என்று நானும் பக்கத்தில் நின்றவர்களும் கீழேயிருந்து சொல்லச் சொல்ல, அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கடைசியில் ஊழியர் ஒருவர் ஏறிப் போய்த்தான் இறக்கினார்.

இரண்டு நாள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நேற்று ராத்திரி தூங்கப் போகும்போது, "தாத்தா, அந்த மஞ்சள் பிடி வரைக்கும் நான் போயிருக்கலாம்ல?" என்றாள். அதிலிருந்து எனக்கு யோசனையாகவே இருக்கிறது. மறுபடி கூட்டிப் போனால் கட்டாயப்படுத்துவது போல் ஆகிவிடுமா? போவதென்றால் எதை மாற்ற வேண்டும்?

பதில் 1 – கயிற்றுக்காரன்:

ஐயா, கூட்டிப் போங்கள். மஞ்சள் பிடி இன்னும் அவள் மனசில் இருக்கிறது என்றால் ஆசை விட்டுப்போகவில்லை என்றுதான் அர்த்தம். பல வருஷமாகக் குழந்தைகளுக்குக் கயிறு பிடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தப்பு அவள் மேல் இல்லை. பயப்படுகிற குழந்தைக்கு முதல் நாளே ஆட்டோ பிலே கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. ஏறும்போது அந்தப் பட்டை தொய்வை மட்டும்தான் இழுத்துக்கொள்ளும், கையை விட்ட பிறகுதான் உடம்பைத் தாங்கும். அந்த முதல் நொடி நிஜமாகவே விழுகிற மாதிரி இருக்கும். பெரியவர்களே அங்கே கையை விட மாட்டேன் என்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதோடு, பாதியில் உட்கார்ந்து ஓய்வெடுக்கவும் வழியில்லை, விட்டால் நேராகக் கீழேதான்.

இந்தத் தடவை டாப் ரோப் கேளுங்கள். குழந்தையின் ஹார்னஸிலிருந்து கயிறு மேலே போய், உச்சியில் திரும்பி, கீழே நிற்கிறவர் கைக்கு வரும். எந்த உயரத்திலும் அவள் "பிடி" என்றால் அவர் இறுக்கிக்கொள்வார், ஊஞ்சலில் உட்கார்வது போல அப்படியே உட்காரலாம். முதலில் அதை மட்டும் பழக்குங்கள். இரண்டே பிடி ஏறச் சொல்லி, தரையிலிருந்து ஒரு மீட்டரில் கையை விட்டு உட்காரச் சொல்லுங்கள், சுவரைக் காலால் உதைத்து ஆடட்டும். கயிறு கொஞ்சம் நீளும் என்பதை முன்னாடியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் உடம்பு லேசாக இறங்கியதும் அறுந்துவிட்டது என்று பயந்துவிடுவாள். அது சரியானதும் இரண்டு மீட்டர். அவ்வளவுதான் முதல் நாள் பாடம்.

அப்புறம் முக்கியமான ஒன்று. அவள் "இறக்கு" என்றால் அந்த நொடியே இறக்க வேண்டும். "இன்னும் ஒரே ஒரு பிடி கண்ணு, கிட்ட வந்துட்ட" என்று கீழேயிருந்து கெஞ்சுவதுதான் நல்ல மனசுள்ள எல்லோரும் செய்கிற தவறு. தான் சொன்னால் இறக்குவார்கள் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்த தடவை அவளாகவே மேலே போவாள், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

கால் ஆடியதா? அதைத் தையல் மிஷின் கால் என்போம். பயத்தில் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் ரொம்ப நேரம் நின்றால் கெண்டைச் சதை சோர்ந்து அப்படி ஆடும். குதிகாலைக் கீழே இறக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். கையை மடக்கித் தொங்காமல் நீட்டிப் பிடித்து, காலால் உந்தி ஏறச் சொல்லுங்கள்.

பதில் 2 – சின்னவன் அம்மா:

எங்கள் பையனுக்குக் கயிறே ஒத்துவரவில்லை, ஹார்னஸ் இறுக்குவதே பிடிக்காது அவனுக்கு. போல்டரிங்தான் கைகொடுத்தது. கயிறு கிடையாது, சுவர் நாலு நாலரை மீட்டர்தான் இருக்கும், கீழே கனமான மெத்தை. முழங்கால் உயரத்திலேயே பக்கவாட்டில் நகர்ந்து விளையாடலாம், யாரும் மேலே போகச் சொல்வதில்லை. ஆனால் எப்படி விழுவது என்று முதலில் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்: இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் பட வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், அப்படியே முதுகுப் பக்கமாக உருள வேண்டும், கையைப் பின்னால் ஊன்றவே கூடாது. உச்சியிலிருந்து குதிக்காமல் பிடிகள் வழியாகவே இறங்கி வருவது இன்னும் நல்லது. மற்றவர்கள் ஏறும் இடத்துக்குக் கீழே குழந்தைகள் ஓடுவதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும், அதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

பதில் 3 – இரண்டு பேரன் பாட்டி:

நான் 63 வயதில் பிலே செய்ய, அதாவது ஏறுகிறவருக்குக் கீழே நின்று கயிறு பிடிக்க, கற்றுக்கொண்டேன். பேரனுக்கு இப்போது நான்தான் கயிறு பிடிக்கிறேன், அதனால் எழுதுகிறேன். நீங்களும் வகுப்பில் சேருங்கள். பிடிக்கிறவர் இடுப்பில் மாட்டி, கயிறு ஓடாமல் நிறுத்த உதவும் பிலே கருவிக்குக் கீழே கயிற்றைப் பிடித்திருக்கும் கை எந்த நேரத்திலும் கயிற்றை விடக் கூடாது என்பதுதான் அங்கே திரும்பத் திரும்பச் சொல்வது. பயிற்சி முடிந்து, அவர்கள் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் குழந்தையைப் பிடிக்க வேண்டும், அதற்கு அவசரம் வேண்டாம்.

ஹார்னஸையும் பாருங்கள். மெலிந்த குழந்தைக்கு இடுப்பு எலும்பு அகலமாக இருக்காது, தலைகீழாகப் போனால் இடுப்பு ஹார்னஸ் நழுவக்கூடும். தோளையும் சேர்த்துப் பிடிக்கிற முழு உடல் ஹார்னஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் கொக்கி, முடிச்சு, பிலே கருவி மூன்றையும் ஏறுகிறவர், கயிறு பிடிக்கிறவர் இருவரும் தொட்டுப் பார்க்க வேண்டும். உலகத்தின் மிகச் சிறந்த ஏறுநர்களில் ஒருவரான லின் ஹில், 1989ல் பிரான்சில் முடிச்சை முழுதாகப் போடாமல் ஏறி 20 மீட்டருக்கு மேல் விழுந்தார். மரக்கிளைகளில் பட்டு உயிர் பிழைத்தார். 1993ல் அமெரிக்காவின் எல் கேப்பிடன் பாறையில் நோஸ் என்ற வழியை, கயிற்றைப் பாதுகாப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு கை காலாலேயே முதன்முதலில் ஏறியவரும் அவர்தான். என் பேரனிடம் இதைச் சொன்ன நாளிலிருந்து, நான் மறந்தாலும் அவன் மறப்பதில்லை.

முடிந்தால் நீங்களும் நாலு பிடி ஏறுங்கள். மூட்டு, முதுகு விஷயத்தில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று அவள் பார்க்கட்டும்.

மாடிப்படி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று போய் வந்தோம். பயிற்சியாளரிடம் முதலிலேயே விஷயத்தைச் சொன்னேன், முழு உடல் ஹார்னஸ் போட்டு டாப் ரோப்பில் கட்டினார். முதல் அரை மணி நேரம் ஏறவே இல்லை. இரண்டு பிடி, உட்கார், ஆடு, இறங்கு, இதேதான். மூன்றாவது தடவை வேண்டுமென்றே "இறக்கு" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே இறக்குகிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே இறக்கினார். அதற்கப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மஞ்சள் பிடியைத் தொடவில்லை, அதற்கு ஒன்று கீழே வரை போனாள். நான் ஒன்றுமே சொல்லாமல் நின்றது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் நானும் ஏறினேன். ஐந்தாவது பிடியில் வலது கால் ஆட ஆரம்பித்தது. கீழேயிருந்து ஒரு சத்தம்: "தாத்தா, குதிகால்! குதிகாலை இறக்குங்க!"

அடுத்த மாதம் பிலே வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பாட்டியம்மா, கையுறை போட்டுக்கொண்டு பிடிக்கிறீர்களா, வெறும் கையா?