மோட்டரில் பழுதில்லை, வயரில்தான்: ஓமின் விதி கைகொடுத்த அனுபவங்கள்

களுதாவளையிலிருந்து:

எங்கள் பக்கம் தோட்டக் கிணறு வீட்டை விட்டுத் தள்ளித்தான் இருக்கும். வீட்டு பிளக்கிலிருந்து மணலுக்குள்ளால் வயர் இழுத்து மோட்டர் ஓட்டுவார்கள். மிளகாய் நட்டிருக்கிற மாமா ஒருவருடையது ஒரு குதிரைவலு மோட்டர். சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. கொண்டன்சர் மாற்றியும் சரிவரவில்லை. கொயில் எரிந்துவிட்டது என்று யாரோ சொல்ல, மனுசன் காசு தேடத் தொடங்கிவிட்டார். "ஒருக்காப் பாத்துட்டுச் சொல்லு மனே" என்று கூப்பிட்டார்.

மோட்டரைக் கழற்றிவிட்டு அதே முனையில் 1000 வாற்று அயன் பெட்டியைக் கொழுவினேன். மோட்டரை வைத்து அளந்தால் கணக்கு குழம்பும். அயன் பெட்டி வெறும் தடை, ஓமின் விதிக்கு (வோல்ற்றை அம்பியரால் பிரித்தால் தடை) அப்படியே அடங்கும். அது சூடேறும்போதே வீட்டு பிளக்கில் 226 வோல்ற்று, கிணற்றடியில் 214. கம்பி ஒன்றை மட்டும் பிரித்துக் கிளாம்ப் மீற்றரை (வயரைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கிற கருவி) மாட்ட, 4 அம்பியர். 12 வோல்ற்று வழியிலேயே போகிறது. 12ஐ 4ஆல் பிரித்தால் 3 ஓம். அது முழுக்க வயரின் தடை.

இன்னொரு வழியிலும் பார்த்தேன். 1 சதுர மில்லிமீற்றர் செம்பு, கிணறு 85 மீற்றர் தூரம், போகவர 170. மீற்றருக்கு 0.0172 ஓம் வீதம் 2.9. இரண்டும் ஒத்துவந்த பிறகுதான் "மோட்டரைத் தொடாதீங்க மாமா" என்றேன்.

ஓடும்போது 5 அம்பியர் அளவில் எடுக்கிற மோட்டர், கிளம்பும்போது அதைப் போல் சில மடங்கு இழுக்கும். 20 அம்பியர் என்று வைத்தாலே 60 வோல்ற்று வயரில் விழுகிறது. 60ஐ 20ஆல் பெருக்கினால் 1200 வாற்று, சும்மா மணலைச் சூடாக்குகிறது. மிச்சத்தில் மோட்டர் எப்படிக் கிளம்பும்? 4 சதுர மில்லிமீற்றர் வயர் மாற்றினோம், தடை முக்கால் ஓமுக்கு இறங்கியது. அதே கொயிலோடு இப்போதும் தண்ணீர் இறைக்கிறது. மீற்றரைக் கையில் எடுக்காமல் "எரிஞ்சு போச்சு" என்று சொல்கிறவரை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். தோட்டக்காரனுக்கு அது சின்னக் காசில்லை.

கொக்கட்டிச்சோலையிலிருந்து:

எங்களுக்குப் பின்னேரத்தில் 190 வோல்ற்றுதான். கேத்தல் பழுதாகிவிட்டது என்று அம்மா ஒரே முறைப்பாடு. 230 வோல்ற்று, 1000 வாற்று என்று அடியில் எழுதியிருக்கிறது. 230ஐ 230ஆல் பெருக்கி 1000ஆல் பிரிக்க, தடை 52.9 ஓம். அது பெரிதாக மாறாது. 190ஐ 190ஆல் பெருக்கி 52.9ஆல் பிரித்தால் 682 வாற்று. ஒரு லீற்றர் தண்ணீர் 5 நிமிடத்தில் கொதிக்க வேண்டியது 7 நிமிடம் தாண்டுகிறது. கேத்தலில் ஒரு குறையும் இல்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். 12 வோல்ற்று, 21 வாற்று வாகன சிக்னல் பல்ப் ஒன்றைக் கொடுத்தேன். கணக்குப்படி தடை 6.9 ஓம். மீற்றரை வைத்தால் ஒரு ஓம்கூட இல்லை. "சேர், விதி பிழையா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. பல்பை பற்றரியில் எரியவிட்டு மின்னோட்டத்தை அளக்கச் சொன்னேன். 1.75 அம்பியர். 12ஐ அதால் பிரித்துப் பார்த்துவிட்டு, "சூடானதும் இழையின் தடை ஏறுது சேர்" என்று அந்தப் பிள்ளையே சொன்னது.