எல்.எஸ்.யூ. அணியின் 2019 பருவம்: பெருமை யாரைச் சேரும்?

வைகைக்கரையான் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கால்பந்தில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜோ பர்ரோ, ஜமார் சேஸ் ஆகியோரும் பின்னர் மின்னசோட்டா வைகிங்ஸ் அணியில் புகழ்பெற்ற ஜஸ்டின் ஜெபர்சனும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக (எல்.எஸ்.யூ.) ஒன்றாக ஆடியவர்கள் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். அதன் பிறகு அந்த 2019 பருவத்தின் ஆட்டங்களை வரிசையாகப் பார்த்து வருகிறேன். 15 ஆட்டங்கள், 15 வெற்றிகள், மொத்தம் 726 புள்ளிகள். இவை வியப்பூட்டினாலும், எனக்குப் புரியாதது அதற்கு முந்தைய ஆண்டுதான். 2018-இல் இதே பர்ரோ, தாம் எறிந்த பந்துகளில் 57.8 விழுக்காட்டையே சகாக்களிடம் சேர்த்திருக்கிறார்; எறிந்து பெற்ற டச்டவுன்கள் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்து ஆறு புள்ளிகள் பெறுவது) 16 மட்டுமே. மறு ஆண்டு அவை 76.3 விழுக்காடாகவும் 60 டச்டவுன்களாகவும் உயர்கின்றன. தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜரோன் மாறவில்லை. தாக்குதல் ஆட்டத்தின் பொறுப்பாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரும் மாறவில்லை. புதிதாக வந்தவர் ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர். ஆகவே பெருமையின் பெரும்பகுதி அவருக்கே உரியது என்று கொள்ளலாமா? 2020-இல் அதே கல்லூரி 5 வெற்றி, 5 தோல்வி என்று சரிந்ததற்கும் அவர் விலகியதுதான் காரணமா?

நெய்தல்நிலவன் எழுதியது:

பெரும்பகுதி பிரேடிக்கு உரியது என்பதே என் கருத்து. எல்.எஸ்.யூ. பல ஆண்டுகளாகப் பந்தைக் கையில் சுமந்து ஓடுவதையும் தடுப்பாட்டத்தையும் நம்பியிருந்த அணி. முன்வரிசையில் கனத்த உடலுடையவர்களை நெருக்கமாக நிறுத்தி, இடித்துக்கொண்டு முன்னேறுவதே அதன் இயல்பு. அலபாமா கல்லூரி அணியிடம் தொடர்ந்து 8 முறை தோற்றதற்கும், 2018-இல் சொந்த மைதானத்திலேயே அவர்களிடம் 29-0 என்று தோற்றதற்கும் அந்தப் பிடிவாதம் ஒரு முக்கியக் காரணம். பென் ஸ்டேட் கல்லூரியிலும் பின்னர் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிலும் வேலை கற்ற பிரேடி, 29 வயதில் வந்து இதைத் தலைகீழாக மாற்றினார். பந்தை ஏந்தி ஓடுபவர் உட்பட ஐந்து பேரையும் பந்தைப் பிடிக்க அனுப்பிவிட்டு, குவார்ட்டர்பேக்கைக் காக்க ஐந்து பேரை மட்டும் விட்டுவைக்கும் அமைப்பை அவர்கள் அடிக்கடி கையாண்டதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எதிரணி எங்கேனும் ஒருவரைக் கூடுதலாக நிறுத்தினால் வேறெங்கோ ஒருவர் தனித்து நிற்பார். அவரைக் கண்டுகொண்டு விரைவாக எறிந்துவிட வேண்டும். ஓடுவதற்கென்றே அறியப்பட்ட கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் அந்தப் பருவத்தில் 55 முறை பந்தைப் பிடித்திருக்கிறார் என்பது, மாற்றம் எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டும்.

டெக்சஸ் அணிக்கு எதிராக ஆஸ்டினில் ஆடிய ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆறு புள்ளிகள் முன்னிலை, மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரம், மூன்றாவது டவுனில் (பந்தைத் தக்கவைக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) 17 யார்டுகள் தேவை. பழைய எல்.எஸ்.யூ. பந்தை ஏந்தி ஓடிக் கடிகாரத்தைக் கரைத்திருக்கும். இந்த அணியோ ஜெபர்சனுக்கு எறிந்து 61 யார்டு டச்டவுன் பெற்றது. ஆட்டம் 45-38 என்று முடிந்தது.

கொங்கு வாசகன் எழுதியது:

நெய்தல்நிலவன் சொல்லும் அமைப்பு மாற்றத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் 2018-இன் எண்களை வைத்துப் பர்ரோவை அளப்பது சரியன்று. அவர் ஒஹாயோ ஸ்டேட் கல்லூரியில் பட்டம் முடித்துவிட்டு, அந்த ஆண்டின் வசந்தகாலப் பயிற்சியெல்லாம் முடிந்த பிறகே லூசியானா வந்தார். புதிய சகாக்களோடு பழகச் சில மாதங்கள்கூட இல்லாமல் பருவத்தைத் தொடங்கியவர் அவர். சேஸ் அப்போது முதலாண்டு மாணவர். அந்தப் பருவத்தின் இறுதியில், 2019 ஜனவரி 1 அன்று நடந்த ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில், யூ.சி.எஃப். அணிக்கு எதிராகப் பர்ரோ 394 யார்டுகளும் 4 டச்டவுன்களும் எறிந்திருக்கிறார். பிரேடி அப்போது அணியில் இல்லை. முளை விட்டிருந்த பயிருக்குத்தான் அவர் நீர் பாய்ச்சினார்.

பிற்காலத்தையும் பாருங்கள். பிரேடி 2020-இல் கரோலைனா பாந்தர்ஸ் அணியின் தாக்குதல் பொறுப்பாளராகச் சென்று, 2021 டிசம்பரில் பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டார். அவரது திறமையைக் குறைத்து மதிப்பிடவில்லை. அவரது திட்டத்துக்கு உயிர் கொடுக்க எப்படிப்பட்ட குவார்ட்டர்பேக் தேவை என்பதையே அது காட்டுகிறது. மேலும், என்ஸ்மிங்கரை எல்லோரும் மறந்துவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. ஓக்லஹோமாவுக்கு எதிரான தேசியக் கோப்பை அரையிறுதி நாளன்று ஒரு விமான விபத்தில் தம் மருமகளை இழந்த அவர், அன்றைய பணியை விட்டு விலகவில்லை. அந்த ஆட்டத்தின் முதற்பாதியிலேயே பர்ரோ 7 டச்டவுன்கள் எறிந்தார், முடிவு 63-28.

ஆடுகளம் எழுதியது:

எல்லோரும் தாக்குதலைப் பற்றியே பேசுகிறீர்கள். நவம்பர் நடுவில் ஓல் மிஸ் அணியை 58-37 என்று வென்ற ஆட்டத்தில், எல்.எஸ்.யூ. தடுப்பாட்டம் எதிரணியை 400 யார்டுகளுக்கு மேல் ஓடவிட்டது. அந்தத் தடுப்பை வைத்துக்கொண்டு யாரும் தேசியக் கோப்பை வென்றிருக்க முடியாது. அதற்குப் பிறகு டெக்சஸ் ஏ அண்ட் எம் 7 புள்ளிகளிலும், எஸ்.இ.சி. என்ற வட்டாரக் கல்லூரிக் கூட்டமைப்பின் இறுதிப் போட்டியில் ஜார்ஜியா 10 புள்ளிகளிலும் அடங்கியதற்கு, டேவ் அராண்டாவின் தடுப்பாட்டத் திட்டமும், முதலாண்டு மாணவர் டெரிக் ஸ்டிங்லி பந்தை இடைமறித்த விதமும் காரணம்.

வைகைக்கரையான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தை நான் கணக்கில் கொள்ளவே இல்லை. 2020-இன் சரிவு குறித்து மட்டும் யாரேனும் விளக்கினால் நலம்.

நெய்தல்நிலவன் எழுதியது:

இதில் கொங்கு வாசகனோடு நான் உடன்படுகிறேன்: பிரேடி ஒருவர் போனதால் வந்த சரிவு அன்று அது. 2020 ஜனவரி 13 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் தேசிய இறுதி ஆட்டத்தில் கிளெம்சன் கல்லூரியை 42-25 என்று வென்று, அவர்களின் 29 ஆட்டத் தொடர் வெற்றியை முடித்துவைத்த அணி, சில வாரங்களிலேயே கலைந்துவிட்டது. பர்ரோ முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த ஆண்டின் என்.எஃப்.எல். டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) மொத்தம் 14 பேர் எல்.எஸ்.யூ.வைச் சேர்ந்தவர்கள். அராண்டா பெய்லர் கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகச் சென்றார். சேஸ் கொரோனா ஆண்டில் ஆடுவதில்லை என்று முடிவெடுத்தார். எஞ்சியவர்களோடு தொடங்கிய முதல் ஆட்டத்திலேயே மிசிசிப்பி ஸ்டேட் அணி அவர்கள்மீது 623 யார்டுகள் எறிந்து 44-34 என்று வென்றது. தாக்குதலைவிடத் தடுப்பாட்டமே அன்று முதலில் நொறுங்கியது என்பதால், ஆடுகளம் சொன்னதற்கும் இதில் இடமுண்டு.

ஆபர்ன் ஆட்டத்தை இன்னும் பார்க்கவில்லையென்றால் அடுத்து அதைப் பாருங்கள். முன்வரிசையில் மூவரை மட்டும் நிறுத்தி, மற்றவர்களைப் பின்னால் இறக்கி, பிரேடியின் திட்டத்தை ஏறக்குறைய கட்டிப்போட்ட ஒரே அணி அதுதான். அன்று எல்.எஸ்.யூ. 23-20 என்று தப்பியதற்கு, பழைய முறையில் பந்தை ஏந்தி ஓடி எட்வர்ட்ஸ்-ஹெலேர் எடுத்த 136 யார்டுகள் பெரிதும் உதவின.