லாரவெல்: இரவல் டேபிளை உறுப்பினர் டேபிளோடு இணைக்கும்போது பிழை 150

படிப்பகம்
வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதுகிறேன். லாரவெல் 10 (பிஎச்பி ஃபிரேம்வொர்க்), டேட்டாபேஸ் மரியாடிபி. உறுப்பினர் பட்டியல் ஒரு பழைய பிஎச்பி மென்பொருளில் இருந்தது. அந்த மெம்பர்ஸ் டேபிளை அப்படியே கொண்டுவந்துவிட்டேன். யார் எந்தப் புத்தகத்தை இரவல் வாங்கினார்கள் என்று வைக்க, லோன்ஸ் என்று புது டேபிள். அதில் மெம்பர் ஐடிக்கு ஃபாரின்ஐடி போட்டு, கன்ஸ்ட்ரெய்ண்டும் சேர்த்திருக்கிறேன், அதாவது மெம்பர்ஸில் இருக்கும் ஐடியை மட்டுமே ஏற்கும் ஃபாரின் கீ. மைக்ரேட் செய்தால் (டேபிள்களை உருவாக்கும் கட்டளை), டேபிளை உருவாக்க முடியவில்லை, ஃபாரின் கீ சரியாக அமையவில்லை, எர்னோ 150 என்று நிற்கிறது. மறுபடி ஓட்டினால் டேபிள் ஏற்கெனவே இருக்கிறது என்கிறது! உருவாக்க முடியாத டேபிள் எப்படி இருக்கும்?

ஃபாரின் கீயே வேண்டாம், மாடலில் (டேபிளுக்கான பிஎச்பி கிளாஸ்) பிலாங்ஸ்டூ என்ற உறவை எழுதினால் போதும் என்கிறார் நண்பர். அப்படிச் செய்துவிடலாமா?

வேப்பமரம்
நண்பர் சொன்னதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். மெம்பர்ஸ் டேபிளுக்கு ஷோ கிரியேட் டேபிள் கொடுத்து, ஐடி வரியையும் இன்ஜின் (டேபிளைச் சேமிக்கும் முறை) பெயரையும் இங்கே போடுங்கள். இன்ஜின் மைஐஎஸ்ஏஎம் என்று இருந்தாலும் இதே 150தான் வரும்.

படிப்பகம்
இன்ஜின் இன்னோடிபிதான். ஐடி: இன்ட்(11), நாட் நல், ஆட்டோ இன்க்ரிமென்ட். பிரைமரி கீயும் அதுதான்.

வேப்பமரம்
அங்கேதான் சிக்கல். ஃபாரின்ஐடி என்று எழுதினால் லாரவெல் உருவாக்குவது பிக்இன்ட் அன்சைன்ட், 8 பைட். உங்கள் பழைய ஐடி 4 பைட் இன்ட், அதுவும் சைன்ட் (மைனஸ் எண்களையும் ஏற்கும்). இரண்டு பக்கமும் அளவும் ஒத்துப்போக வேண்டும், சைன்ட் அன்சைன்டும் ஒத்துப்போக வேண்டும். பலர் அவசரத்தில் அன்சைன்ட் இன்டிஜர் என்று மாற்றிவிட்டு, மறுபடியும் 150 வருகிறதே என்று தவிப்பார்கள். உங்களுக்கு வேண்டியது வெறும் இன்டிஜர். அதன் கீழே ஃபாரின், ரெஃபரன்சஸ், ஆன் மூன்றையும் தனியாக எழுதுங்கள். மெம்பர்ஸ் ஐடியை பிக்இன்டாக மாற்றுவதும் ஒரு வழிதான். ஆனால் பழைய மென்பொருளின் வேறு டேபிள்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் வேலை நீளும். சைன்ட் இன்டில் 2147483647 வரை போகலாம், ஒரு படிப்பகத்துக்கு அது தாராளம்.

டேபிள் ஏற்கெனவே இருப்பதற்குக் காரணம்: லாரவெல் முதலில் டேபிளை உருவாக்குகிறது, பிறகு ஆல்டர் டேபிள் மூலம் ஃபாரின் கீயைச் சேர்க்கிறது. இரண்டாவது படியில்தான் விழுந்திருக்கிறது. அரைகுறையாக நிற்கும் லோன்ஸை டிராப் செய்துவிட்டு ஓட்டுங்கள். இன்னொரு முறை 150 வந்தால் ஷோ இன்ஜின் இன்னோடிபி ஸ்டேட்டஸ் பாருங்கள். கடைசி ஃபாரின் கீ பிழை என்ற பகுதியில் காரணம் இருக்கும்.

கரிசல்
நண்பரின் யோசனையைப் பற்றி நான் சொல்கிறேன். பிலாங்ஸ்டூ என்பது டேட்டாவை எடுத்துத் தரும் வழி மட்டும்தான். இல்லாத உறுப்பினர் எண்ணோடு ஒரு வரி உள்ளே நுழைந்தால் அது தடுக்காது. பிஎச்பி மைஅட்மினில் யாரோ ஒரு உறுப்பினரை நேரடியாக அழித்தால், உங்கள் மாடலுக்கு அது தெரியவே தெரியாது. அப்ளிகேஷனை நாளை வேறொருவர் வேறு மொழியில் திருப்பி எழுதலாம். டேட்டா அதே டேட்டாதான். காவல் டேட்டாபேஸிலேயே இருக்கட்டும். தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

படிப்பகம்
இன்டிஜர் என்று மாற்றியதும் மைக்ரேஷன் ஓடிவிட்டது, மிக்க நன்றி! அப்புறம், பழைய இரவல் பதிவுகளை உள்ளே ஏற்றும்போது இப்போது பிழை 1452 வருகிறது.

கரிசல்
அந்தக் காவல் வேலை செய்கிறது என்று அர்த்தம். பழைய பதிவுகளில் சில, மெம்பர்ஸில் இல்லாத எண்களைச் சுட்டுகின்றன. பழைய இரவல் பட்டியலைத் தற்காலிகமாக ஒரு டேபிளில் ஏற்றி, மெம்பர்ஸோடு லெஃப்ட் ஜாயின் செய்து, மெம்பர்ஸ் ஐடி நல் ஆக வரும் வரிகளை மட்டும் எடுங்கள். அநாதை வரிகள் அத்தனையும் வந்துவிடும். எந்தெந்த எண்களை எப்போதோ அழித்திருக்கிறார்கள் என்று புரியும்.

படிப்பகம்
ஆமாம், ஊரை விட்டுப் போனவர்களை அழித்திருக்கிறார்கள். அவர்களின் இரவல் பதிவுகளை விட்டுவிடவா? எந்தப் புத்தகம் எத்தனை முறை போனது என்று பார்க்க அவை வேண்டும்.

வேப்பமரம்
விடாதீர்கள். மெம்பர்ஸில் டெலீட்டட் அட் என்ற நெடுவரிசை சேர்த்து, மாடலில் சாஃப்ட் டெலீட்ஸ் (வரியை அழிக்காமல், அழிந்ததாகக் குறி மட்டும் வைப்பது) போடுங்கள். காணாமல் போன ஒவ்வொரு எண்ணுக்கும் அதே ஐடியோடு "விலகிய உறுப்பினர்" என்று ஒரு வரி உருவாக்கி, டெலீட்டட் அட்டில் ஒரு தேதி கொடுத்துவிடுங்கள். பிறகு இறக்குமதி தடையில்லாமல் போகும். இனி அழிப்பதும் இப்படியே நடக்கட்டும். ஆன் டெலீட்டில் கேஸ்கேட் மட்டும் வேண்டவே வேண்டாம், ஓர் உறுப்பினரோடு அவருடைய மொத்த வரலாறும் போய்விடும். ரெஸ்ட்ரிக்ட் போதும், இரவல் பதிவு உள்ளவரை அழிக்க விடாது.

படிப்பகம்
எல்லாம் ஏறிவிட்டது. ஆனால் இரவல் பட்டியல் பக்கத்தில் விலகியவர்களின் வரி வந்தால் மட்டும், நல்லில் பெயரைத் தேடுவதாகப் பிழை வருகிறது.

வேப்பமரம்
சாஃப்ட் டெலீட் ஆனவர்களை லாரவெல் இயல்பாகவே ஒளித்துவிடும், உறவு வழியாகக் கேட்டாலும் அப்படித்தான். லோன் மாடலில் பிலாங்ஸ்டூவின் பின்னால் வித்ட்ராஷ்ட் சேருங்கள். பட்டியலை எடுக்கும்போது வித் மெம்பர் என்றும் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு குவெரி தனியாக ஓடும்.

படிப்பகம்
சேர்த்தேன், பெயர்கள் வருகின்றன. அடுத்தது ஆசிரியர் டேபிள். ஒரே புத்தகத்துக்கு ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், தொகுப்பாசிரியர் என்று பலர் இருக்கிறார்கள். பழைய மென்பொருளில் எண்களைக் கமா போட்டு ஒரே நெடுவரிசையில் வைத்திருக்கிறார்கள்.

கரிசல்
கமாவைப் பிரித்து நடுவில் ஒரு பிவட் டேபிள் போடுங்கள்: ஆத்தர் ஐடி, புக் ஐடி, பங்கு. அந்தப் பங்கு நெடுவரிசையில் ஆசிரியரா மொழிபெயர்ப்பாளரா என்று இருக்கட்டும், மாடலில் அதை வித்பிவட்டில் குறிப்பிடுங்கள். ஒரே ஆள் எழுதியும் தொகுத்தும் இருக்கலாம். அதனால் யூனிக் கீயை (ஒரே சேர்க்கை இருமுறை வராமல் தடுப்பது) மூன்று நெடுவரிசைகளுக்கும் சேர்த்துக் கொடுங்கள்.